அண்ணன் சாப்பிடுகிற கடைகள்

சிங்கப்பூரில் எங்கே சாப்பிடலாம் என்று யாராவது என்னைக் கேட்டால் மூன்று கடைகள் சொல்வேன். மூன்றையும் எனக்குக் காட்டியது என் அண்ணன்தான். அங்கே இருந்த ஒன்றரை மாசத்தில் அவரை நான் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்கவில்லை.

போனது மகளுடைய பிரசவத்துக்கு. மாப்பிள்ளைக்கு அங்கே கப்பல் பழுது பார்க்கிற பட்டறையில் வேலை. பிள்ளைத்தாய்ச்சியைக் கப்பலேற்றி அனுப்ப முடியாது, நீங்கள்தான் வரவேண்டும் என்று எழுதியிருந்தார். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே இருக்கிற எங்கள் ஊரிலிருந்து நான் மதராஸ் போனதையே விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் பயமாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

கிளம்புகிற அன்று அண்ணி கூப்பிட்டாள். அவள் இரண்டு மாசமாகப் படுத்த படுக்கை. உடம்பு நார் மாதிரி ஆகிவிட்டது. நெற்றியில் மட்டும் காலணா அகலத்துக்குக் குங்குமம். அவள் புருஷன், என் அண்ணன் கோவிந்தன், சிங்கப்பூர் போய் இருபத்தாறு வருஷம். முதல் ஐந்து வருஷம் யாரோ எழுதிக் கொடுத்த கடுதாசி வந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக் கடையில் வேலை, சௌக்கியம், அவ்வளவுதான் இருக்கும். பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

"குப்பு, ஒண்ணே ஒண்ணு கேட்டுகினு வா. அவரு கீறாரா, இல்லியா? நான் போவும்போது பொட்டோட போறதா, இல்லாம போறதா, அது எனக்குத் தெரியணும்."

"கீறாரு அண்ணி. கையோட இட்டுகினு வரேன், பாரு."

"பீத்திக்காத. கேட்டுகினு வா, போதும்."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் ஆடி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செத்துப் போனவர்களுக்குப் படையல் போடுவோம். ஒவ்வொருவருக்கும் ஓர் இலை. கடுதாசி நின்று நாலைந்து வருஷம் ஆனதும் ஒரு படையலில் அம்மா ஓர் இலையைக் கூடுதலாகப் போட்டாள். யாருக்கு என்று கேட்டேன். அவள் பாட்டுக்குச் சோறு வைத்தாள். இலையைச் சோற்றோடு இழுத்து மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டேன். உயிரோடு இருக்கிறவருக்கு இலை போடுவதா, அண்ணனுக்கா? அன்றிலிருந்து, அம்மா செத்துப்போன பிறகும், யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நான் எடுக்க விட்டதில்லை.

போய்ச் சேர்ந்து மூன்றாம் நாள் ஞாயிறு. மாப்பிள்ளை என்னைச் சிராங்கூன் சாலைக்கு அழைத்துப் போனார். கடையில் சாப்பிடுவது எனக்குப் பழக்கமில்லை. எங்கள் ஊரில் கடையில் சாப்பிடுகிறவன் என்றால் ஆக்கிப் போட ஆளில்லாதவன் என்று அர்த்தம். அந்த ஊரிலோ ஆளிருக்கிறவர்களும் கடையில்தான் சாப்பிடுகிறார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஆளுக்கொரு பாஷையில் பேசிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்கச் சாப்பிடுகிறார்கள்.

அது இலைச் சாப்பாட்டுக் கடை. மீன்தலைக் கறிதான் அங்கே விசேஷம். தவலை அளவுக்கு ஒரு தலை, வெண்டைக்காயோடு சட்டியில் முழுசாக வந்தது. பழவேற்காட்டு மீன் தின்று வளர்ந்த எனக்கே திக்கென்றது. எங்கள் பக்கம் தலை என்றால் ஆம்பிளைகள் சாப்பிட்ட பிறகு வீட்டுப் பொம்பிளைகளுக்கு மிச்சமாகிற பாகம். இங்கே அதை நடுவில் வைத்துக் கும்பிடாத குறைதான். குழம்பில் புளி குறைவு, தேங்காய்ப்பால் அதிகம். நன்றாகத்தான் இருந்தது. மீனின் கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது, சட்டியைத் திருப்பி வைத்தேன்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். நாங்கள் உட்கார்ந்ததும் பரிமாறுகிற பெரியவர் மூன்று இலை போட்டார்.

"ரெண்டு போதுங்க," என்றார் மாப்பிள்ளை.

"கூட வந்தவர் சாப்பிடலீங்களா?" பெரியவர் வாசலை எட்டிப் பார்த்தார். "உங்க பின்னாடியே வந்தாரே. வெளிய நிக்கிறாரோ?"

"நாங்க ரெண்டு பேருதாங்க."

பெரியவர் மூன்றாவது இலையை எடுத்துக்கொண்டு போனார். தண்ணீர் தெளித்த இலை. போகிற வழியெல்லாம் சொட்டிக்கொண்டே போயிற்று.

"கூட்டத்துல யாரையோ பாத்துட்டு சொல்றாரு, அத்தே. நீங்க சாப்புடுங்க," என்றார் மாப்பிள்ளை. சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாக்கியம்தான் எனக்குத் துணை. அவள் அப்பா தஞ்சாவூர்ப் பக்கம், அவள் பிறந்தது சிங்கப்பூர். மலாய் பேசுவாள், சீனமும் கொஞ்சம் வரும். பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுவாள், அது அந்த ஊர் வழக்கம். அண்ணன் சமாச்சாரத்தைச் சொன்னதும், "சாப்பாட்டுக் கடையில வேலை செஞ்சவருன்னா கடை கடையா கேட்டாத்தான் தெரியும் லா, பெரிம்மா," என்று கிளம்பிவிட்டாள். மகளுக்கு நாள் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. காலையில் அவளுக்கு ஆக்கி வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கடை ஏறி இறங்கினோம். கோவிந்தன், நல்ல உயரம், இடது கையில் சுண்டுவிரல் இல்லை, கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டுப் போய்விட்டது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே மந்திரம் மாதிரி ஆகிவிட்டது.

புதன்கிழமை பள்ளிவாசலுக்கு எதிரே இருக்கிற ராவுத்தர் கடைக்குப் போனோம். முர்தபா என்று ஒன்று போடுகிறார்கள். பரோட்டா மாவைத் தலைக்கு மேலே வீசி வேட்டி மாதிரி மெல்லிசாக்கி, கொத்துக்கறியும் முட்டையும் வெங்காயமும் உள்ளே வைத்து மடித்துச் சுடுவது. ஒன்றைத் தின்றால் ராத்திரிக்கு அடுப்பு மூட்ட வேண்டாம். என் மந்திரத்தைச் சொன்னேன். ராவுத்தர் மாவு வீசுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"சுண்டுவிரல் இல்லாதவரா? அட, உங்க ஜாடைதாம்மா. புதன்கிழமை தவறாம வருவாரு. அந்த மூலையில உக்காருவாரு. வாயத் தொறந்து ஒண்ணும் கேக்க மாட்டாரு, தேத்தண்ணி வச்சா வாங்கிக்குவாரு. இன்னைக்கிப் புதன்தானே? இருங்க."

கையை முந்தானையில் சுற்றிக்கொண்டேன். கண்ணை அந்த மூலையிலிருந்து எடுக்கவில்லை. வெளியே திடீரென்று ஒரு சத்தம். அன்னாசிப் பழம் ஏற்றிவந்த தள்ளுவண்டியில் ஒரு மூன்று சக்கர சைக்கிள் மோதி, பழமெல்லாம் கடை வாசலுக்கு உருண்டு வந்தது. திரும்பிப் பார்த்தேன். கண் மூடித் திறக்கிற நேரம்தான்.

மூலை மேசையில் ஒரு தேத்தண்ணீர்க் கிளாஸ் இருந்தது. பாதி குடித்திருந்தது. ஆவி வந்துகொண்டிருந்தது.

"பேசினீங்களா?" என்றார் ராவுத்தர்.

"யாரோட?"

"என்னம்மா இது! இப்பத்தானே எந்திரிச்சுப் போனாரு. உங்களத் தாண்டித்தானே போனாரு!"

தெருவுக்கு ஓடினேன். அன்னாசி பொறுக்குகிறவர்களைத் தவிர யாரும் இல்லை. திரும்பி வந்து, "அவருக்கு இன்னா வயசு இருக்கும்?" என்று கேட்டேன்.

"என்ன, ஒரு முப்பத்தஞ்சு, நாப்பதுக்குள்ள."

"எங்க அண்ணனுக்கு இப்ப அறுவது ஆவுதே!"

ராவுத்தர் மாவை எடுத்து மறுபடி வீச ஆரம்பித்தார். பாக்கியம் என் கையைப் பிடித்தாள். "அது வேற யாரோ லா, பெரிம்மா. ஒலகத்துல ஒரு ஆளுக்குத்தானா வெரல் போச்சு?" அண்ணன் கப்பல் ஏறியபோது அவருக்கு முப்பத்துநாலு என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

மூன்றாவது கடைக்கு நாங்களாகப் போகவில்லை, பஸ் கொண்டுபோய் விட்டது. எழுத்து கூட்டித்தான் படிப்பேன் என்றாலும் நம்பர் எனக்கு நன்றாகத் தெரியும் என்று நான் சொல்லிக்கொள்வது வழக்கம். ஒரு பஸ்ஸைப் பார்த்து, "இதான் நம்ம வண்டி, ஏறு" என்றேன். பாக்கியம் சந்தேகமாக, "இல்ல போலருக்கே," என்றாள். "எனக்குத் தெரியாதா? ஏறு," என்று ஏறிவிட்டேன். கும்மிடிப்பூண்டி பாசஞ்சரில் தப்பாக ஏறினாலும் அடுத்த ஸ்டேஷனில் தெரிந்தவன் ஒருத்தன் இருப்பான். அந்தப் பஸ் போகிறது, போகிறது, தெரிந்த ஒரு கட்டிடமும் வரவில்லை. கண்டக்டர் சீனன், நாங்கள் கேட்டதற்குச் சிரித்தான். கடைசியில் ஓர் ஆற்றோரத் தெருவில் இறக்கிவிட்டான்.

இறங்கின உடனே மழை. பட்டப்பகல், ஆனால் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தெருவோரம் அங்கங்கே தகர டின்னில் காகிதம் எரிந்துகொண்டிருந்தது. சாம்பல் பறந்து வந்து என் புடவையில் ஒட்டியது.

"போகிக்குக் கொளுத்தற மாதிரி இவங்களும் குப்பையக் கொளுத்தறாங்களா?"

"சீனங்க சாமி கும்புடுற மாசம் இது. நனையாம வாங்க பெரிம்மா, அந்தக் கடைக்குள்ள போயிடலாம்."

சீனன் கஞ்சிக் கடை. நம் கஞ்சி மாதிரிதான், அரிசி தெரிகிற கஞ்சி. தொட்டுக்கொள்ளப் பத்துப் பதினைந்து தட்டு வரிசையாக வைத்திருக்கிறார்கள், உப்பு முட்டை, கருவாடு, ஏதேதோ காய். எதை எடுப்பது என்று தெரியாமல் பச்சையாக இருந்த ஒரு தட்டைக் காட்டினேன். ஒரு வாய் வைத்தேன். அப்புறம் தட்டைக் கையில் எடுத்து மோந்து பார்த்தேன்.

புளிச்சக்கீரையில் இறால். ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிற எங்கள் பக்கத்துச் சமையல். அதுவும் எங்கள் வீட்டுச் சமையல். காய்ந்த மிளகாயைக் கருக வறுத்துக் கையால் நொறுக்கிக் கடைசியில் தூவுவது எங்கள் அண்ணன் ஒருத்தர்தான்.

எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன். மண்ணெண்ணெய் டின்களில் வரிசையாகப் புளிச்சக்கீரை நின்றது, சிவப்புத் தண்டு, ஆள் உயரம். கடைக்காரி பின்னாலேயே ஓடி வந்தாள். நாற்பத்தைந்து வயசு இருக்கும், கட்டை முடி. இதைச் சமைக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்று பாக்கியத்தைக் கேட்கச் சொன்னேன். பாக்கியம் மலாயில் கேட்டாள்.

"கோவின்," என்றாள் அந்தச் சீனத்தி. சொல்லிவிட்டு இடது கையை உயர்த்திச் சுண்டுவிரலை மடக்கிக் காட்டினாள்.

நான் கத்தியதில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "எங்க கீறாரு? கேளுடி, எங்க கீறாரு?"

பாக்கியம் கேட்டாள். சீனத்தி சுவரில் தொங்கின காலண்டரைக் காட்டி ஏதோ சொன்னாள். பாக்கியத்துக்கு முகமெல்லாம் பல். "இன்னைக்கி வருவாராம் பெரிம்மா! மூணு மணிக்கு அவருக்கு சோறு வைப்பாங்களாம். நல்ல நாளா பாத்துதான் பஸ்ஸு நம்மள இங்க கொண்டாந்து வுட்ருக்கு!"

அப்போது மணி ஒன்று. இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தலையை அவிழ்த்து ஈரம் போகத் தட்டி முடிந்துகொண்டேன். அண்ணனை என்னென்ன திட்டுவது என்று வரிசைப்படுத்தி வைத்தேன். முதலில் அண்ணிக்காக, அப்புறம் அம்மாவுக்காக, கடைசியில் எனக்காக. திட்டி முடித்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கப்பலுக்குப் போய்விட வேண்டியது.

மழை விட்டது. மூன்று மணிக்குக் கடைக்காரர்கள் வாசலில் நீள மேசை போட்டார்கள். சிவப்பு மெழுகுவர்த்தி, முழுக் கோழி, ஆரஞ்சுப் பழம், வரிசையாகச் சோற்றுக் கிண்ணம். கிண்ணத்துக்கு ஒரு ஜோடி குச்சி, கிண்ணத்துக்கு ஒரு நாற்காலி. கோடியில் ஒரு கிண்ணத்துக்கு மட்டும் குச்சி வைக்கவில்லை. சோற்றின் மேல் புளிச்சக்கீரை இறால், பக்கத்தில் கை கழுவ ஒரு கோப்பைத் தண்ணீர். அண்ணன் கையால் சாப்பிடுகிறவர். அவர் இடம் அதுதான் என்று சொல்லாமலே தெரிந்தது. அவர் வந்தால் பக்கத்தில் இருக்கட்டும் என்று அடுத்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

தெரு அப்படியே அடங்கிவிட்டது. எதிர்க்கடைக் கிழவர் வாய் பிளந்து நின்றார். ஒரு தாய் தன் குழந்தையின் கண்ணைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். பாக்கியம் மேசையைப் பார்த்தாள், எரிகிற காகிதத்தைப் பார்த்தாள், அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"பெரிம்மா, எந்திரிங்க."

"ஏன், எங்க அண்ணன் பக்கத்துல நான் குந்தக் கூடாதா?"

"அய்யோ, எந்திரிங்க பெரிம்மா!"

அதற்குள் சீனத்தி மூன்று ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்து அண்ணன் கிண்ணத்துச் சோற்றில் நட்டாள். அதை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சீனத்திதான் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். உள்ளே உட்காரவைத்துச் சொன்னாள், பாக்கியம் அழுதுகொண்டே தமிழில் சொன்னாள். அவள் அந்தக் கடைக்கு மருமகளாக வந்த புதிதில் அண்ணன் அங்கே சமையலில் இருந்தாராம். மாடி அறையில் படுக்கை. விஷக் காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாராம். இருபத்தோரு வருஷம் ஆகிறது. ஊர் எது, விலாசம் எது என்று யாருக்கும் தெரியாது.

"ஆளில்லாம செத்தவங்களுக்குப் பசி அடங்காதாம் பெரிம்மா. கடை கடையா போயி உக்காந்து, சாப்புடுறவங்களப் பாத்துகிட்டே இருப்பாங்களாம். இந்த மாசம் அவங்களுக்கு எமலோகக் கதவத் தொறந்து வுடுவாங்களாம். இவருக்கு யாரும் இல்லியேன்னு இவங்க மாமியார் வைக்க ஆரம்பிச்சாங்களாம். இப்ப இவங்க வைக்கிறாங்க."

"யாருமில்லியா?" எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "எங்க அண்ணனுக்கா யாருமில்ல? ஊர்ல போயி கேக்கச் சொல்லு! பொண்டாட்டி கீறா, நான் கீறேன், பங்காளிங்க மட்டும் முப்பது ஊடு கீது! ஆளில்லாதவர்னு யாரப் பாத்து சொல்றா?"

பாக்கியம் அதை எப்படிச் சொன்னாளோ தெரியாது. சீனத்தி கோபப்படவில்லை. மெதுவாக ஒன்று கேட்டாள்.

"அப்ப ஏன் நீங்க வைக்கலன்னு கேக்குறாங்க," என்றாள் பாக்கியம்.

மாட்டுத் தொட்டிக்கு மலாயில் என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

மெழுகுவர்த்தி பாதி கரைந்ததும் மேசையை எடுத்தார்கள். அண்ணன் கிண்ணத்தை நானே எடுக்கிறேன் என்று போனேன். சோறு குறையவில்லை, அப்படியேதான் இருந்தது. பக்கத்துக் கோப்பையில், கை கழுவ வைத்த தண்ணீரில் மட்டும் மஞ்சள் கலங்கியிருந்தது. யார் கை பட்டது என்று நான் யாரையும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த புதன்கிழமை ராவுத்தர் கடைக்குத் தனியாகவே போனேன். மூலை மேசை காலியாக இருந்தது. "இந்த வாரம் வரலம்மா," என்றார் அவர். அப்புறம் பேத்தி பிறந்தாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பேரும் வைத்து முடிந்தது. நான் ஊருக்குக் கிளம்பினேன்.

கப்பலில் ஒரு வாரம். அண்ணியிடம் சொல்ல ஒரு பொய் தயார் செய்தேன். அண்ணனைத் தேடினேன், கிடைக்கவில்லை, யாரோ மலாயாப் பக்கம் பார்த்ததாகச் சொன்னார்கள் என்று. நல்ல பொய். அண்ணி பொட்டோடு போய்விடலாம். கும்மிடிப்பூண்டியில் இறங்கி வீடு வரைக்கும் அதை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அண்ணி அதே கட்டிலில் இருந்தாள். "இன்னா குப்பு? பொட்டு இருக்கட்டுமா, அயிக்கட்டுமா?"

"அண்ணே பசியா கீறாரு அண்ணி," என்றேன். அந்தப் பொய் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டுத் தொட்டியில் நான் கொட்டினதையும் சேர்த்து. அண்ணி அழவில்லை. "அந்தச் சீனத்தி மொளவாவ கருக வறுத்தாளா?" என்று கேட்டாள்.

"வறுத்தா அண்ணி."

"அந்தக் கீரை வெதை நான் முடிஞ்சி குடுத்தது. போற எடத்துல கெடைக்குதோ இல்லியோன்னு." பிறகு, "என்னத் தூக்கி குந்த வை," என்றாள்.

ஆடி வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. வந்த ஞாயிற்றுக்கிழமையே படையல் என்று சொல்லிவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து குந்தி, கீரையை அவளே கடைந்தாள். பங்காளி வீட்டுப் பொம்பிளைகள் எல்லாம் வந்திருந்தார்கள். குளித்துவிட்டு வந்த அண்ணி கண்ணாடி கேட்டு வாங்கி, முன்னைவிடப் பெரிசாக ஒரு குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு, அம்மா இலைக்குப் பக்கத்தில் புருஷனுக்கு இலையைப் போட்டாள்.

எங்கள் சின்னம்மா மருமகள் ஒருத்திக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னாக்கா இது? பொட்ட வச்சிகினு புருஷனுக்கு எலை போடறியே, இது எந்த ஊரு மொற? ஒண்ணு இத வையி, இல்லன்னா அத வையி."

அண்ணி சோற்றின் மேல் மிளகாயை நொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "இருவத்தாறு வருசம் கழிச்சி ஊட்டுக்கு சாப்புட வராரு. என்ன அடையாளம் தெரிய வாணாமா அவருக்கு?"

சாப்பிடுகிறவர்களை நாம் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எல்லோரையும் வெளியே வரச் சொல்லிவிட்டு, கதவை நான் சாத்தினேன்.